கடவையோர வாகன நிறுத்தத் தடை: விருதுநகரும் சிவகாசியும்

கடவையோர வாகன நிறுத்தத் தடை என்பது, நடந்து செல்வோர் சாலையைக் கடப்பதற்காகக் கோடு போட்டு ஒதுக்கிய இடத்தின் மேலும், அதை ஒட்டிய சில மீட்டர் தூரத்திலும் எந்த வண்டியையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்ற போக்குவரத்து விதி. இந்தியா முழுவதற்கும் சட்டம் ஒன்றுதான். ஆனாலும் சரக்கு ஏற்றி இறக்குவதே பிழைப்பாக உள்ள ஊர்களில் அது வேறு முகம் காட்டுகிறது. பருப்பு, எண்ணெய், வற்றல் வணிகத்துக்குப் பெயர்போன விருதுநகரும், பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களின் சிவகாசியும் அப்படிப்பட்ட ஊர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இரண்டுமே எழுபதாயிரத்தைச் சற்றுத் தாண்டிய நகராட்சிகள். 2021-இல் திருத்தங்கலைச் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆனது. தெருக்களின் அகலம் அதனால் ஓர் அடியும் கூடவில்லை.

பெயர்கள்

அரசுப் பலகைகளில் ‘பாதசாரிகள் கடக்கும் இடம்’ என்றும், பேச்சில் ‘ஜீப்ரா கிராசிங்’ அல்லது வெறும் ‘வெள்ளைக்கோடு’ என்றும் வழங்குகிறது. இலங்கைத் தமிழில் ‘கடவை’ என்பது அன்றாடச் சொல்; ‘மஞ்சள் கடவை’ என்ற பழைய பெயரும் அங்கு உண்டு. நிறுத்தத் தடைக்கு ‘நோ பார்க்கிங்’ என்பதே ஊர்ச்சொல்.

இங்கே மொழியும் ஓட்டுநருக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. பயணியை இறக்க ஒரு கணம் நிற்பதும், வண்டியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவதும் தமிழில் ‘நிறுத்துவது’தான். காவலர் கேட்டால், “நிறுத்தல சார், நிக்குது” என்ற பதில் வருவது வெறும் குறும்பல்ல. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கும் நிறுத்தி வைத்த வண்டிக்கும் உள்ள வித்தியாசம் தன் பக்கம் இருப்பதாக அவர் உண்மையாகவே நம்புகிறார். இந்த வட்டாரத்தில் தடையை அமல்படுத்துவதில் உள்ள சிக்கலில் பாதி இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

அந்தச் சில மீட்டர்

கடவையை ஒட்டி நிற்கும் வண்டி வழியை மறிப்பதோடு பார்வையையும் மறைக்கிறது. பார்வை மறைவதுதான் பெரிய ஆபத்து.

சிவகாசியில் காலை எட்டே முக்கால் மணிக்கு எந்தப் பள்ளி வாசலிலும் இதைப் பார்க்கலாம். அச்சகத்துக்குப் போகிற காகித பண்டல்களை ஆள் உயரத்துக்கு அடுக்கித் தார்ப்பாய் கட்டிய லோடு ஆட்டோ ஒன்று, முன்சக்கரம் வெள்ளைக்கோட்டை மிதிக்க நிற்கும். கடக்க வந்த பிள்ளை நடைபாதை விளிம்பிலிருந்து பார்த்தால் தார்ப்பாயைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆகவே ஆட்டோவின் பக்கவாட்டை ஒட்டியே சாலைக்குள் இறங்கி, அதன் மூக்கைத் தாண்டித் தலையை நீட்டி எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் நிற்கும்போது, ஓடும் வண்டிகளின் தடத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே ஓரடிதான் மிச்சம். பின்னாலிருந்து வரும் பஸ் ஓட்டுநரின் கண்ணுக்கும் அந்தப் பிள்ளை அப்போதுதான் முதன்முதலாகத் தென்படும்.

கணக்கு எளிது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 11 மீட்டர். கண்ணில் பட்டதிலிருந்து கால் பிரேக்கை அமுக்குவதற்குள் ஒரு நொடி போகும். அமுக்கிய பின் நல்ல தாரில் வண்டி நிற்க இன்னும் 10 மீட்டராவது வேண்டும். மொத்தம் 21 மீட்டர். 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 14 மீட்டராகக் குறையும். ஓரடி தூரத்தில் தெரிகிற பிள்ளைக்கு இரண்டுமே பயன்படாது. லோடு ஆட்டோவை ஐந்தாறு மீட்டர் பின்னால் தள்ளி நிறுத்தியிருந்தால், பிள்ளை நடைபாதையிலேயே நின்று வருகிற பஸ்ஸைப் பார்க்கும். பஸ்ஸும் பிள்ளையைப் பார்க்கும். தடையின் நோக்கம் முழுவதும் இதுதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அந்த ஆண்டு மாநிலங்களிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105.

தெருமுனையில் உள்ள கடவையை மறிப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. முனையில் நிற்கும் ஒரு வேன் தீயணைப்பு வண்டியைத் திரும்ப விடாது. வெடி விபத்துச் செய்தி எந்த நாளும் வரக்கூடிய ஒரு வட்டாரத்தில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

சட்டம்

வண்டியை வழியில் போட்டு வைப்பது குற்றம் என்பது மோட்டார் வண்டிக்கும் முந்திய எண்ணம். பிரிட்டிஷ் இந்தியாவின் 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டம், 34-ஆவது பிரிவில், சரக்கை ஏற்றவோ இறக்கவோ தேவைப்படும் நேரத்துக்கு மேல் வண்டியைத் தெருவில் நிறுத்துவதைத் தண்டனைக்குரியதாக்கியது. சரக்கு வண்டிக்காரர் இன்று கேட்கும் சலுகை அந்த வாசகத்திலேயே ஒளிந்திருப்பதைக் கவனிக்கலாம். ஏற்றி இறக்கும் நேரத்துக்கு அன்று விலக்கு இருந்தது. மாட்டுவண்டி மறைத்த தெருவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் எதுவும் வராது என்பதால் அது பொருந்தவும் செய்தது.

இன்றைய அடிப்படை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 122-ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்தோ தடையோ தேவையற்ற தொல்லையோ விளையும்படி பொது இடத்தில் வண்டியை நிற்க விடக் கூடாது என்கிறது. ஓட்டுநர் உள்ளே இருக்கிறாரா, இன்ஜின் ஓடுகிறதா என்று அது கேட்பதில்லை. வண்டி நிற்கும் இடத்தையும் நிலையையும் மட்டுமே பார்க்கிறது. ‘ஆள் உட்கார்ந்திருந்தால் கேஸ் இல்லை’ என்று வண்டிக்காரர்களிடையே உலவும் கருத்து 126-ஆவது பிரிவைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்ததாக இருக்கலாம். நிற்கும் வண்டியின் இருக்கையில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையேல் இன்ஜினை அணைத்து பிரேக் போட்டிருக்க வேண்டும் என்கிறது அது. வண்டி தானாக உருண்டுவிடக் கூடாது என்பதற்கான பிரிவு அது. கடவையின் மேல் நிற்க அனுமதிக்கும் பிரிவல்ல.

கடவையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளின் ஒழுங்குமுறைகள். சாலைச் சந்திப்பு, வளைவு, நடைபாதை, பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், மருத்துவமனை வாசல் ஆகியவற்றோடு, போக்குவரத்து விளக்குக்கோ பாதசாரிக் கடவைக்கோ ‘அருகில்’ வண்டி நிறுத்தக் கூடாது என்றது அது. அருகில் என்றால் எத்தனை மீட்டர் என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் கடவைக்கு முன் 5 மீட்டர். ஜப்பானில் முன்னும் பின்னும் 5 மீட்டர். பிரிட்டன் 1951-இல் வரிக்குதிரைக் கடவையைச் சட்டமாக்கியது. பின்னர் அதன் இருபுறமும் வளைந்து நெளியும் வெள்ளைக்கோடு போட்டு, அந்தக் கோடு உள்ளவரை நிறுத்தக் கூடாது என்று தரையிலேயே எழுதிவிட்டது. சிங்கப்பூரிலும் அதே நெளிகோடுதான். கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் 20 அடிக்குள் நிறுத்துவோருக்கு அபராதம் விதிக்கிறது. அங்கே கோடு இல்லாவிட்டாலும் விதி செல்லும். எண்ணோ கோடோ கொடுத்துவிட்டால் சாலையோர வாக்குவாதத்துக்கு இடமில்லை. ‘அருகில்’ என்பதைப் பொறுத்தவரை, காவலருக்கு ஒரு அருகு, கடைக்காரருக்கு ஒரு அருகு.

1989 விதிகளுக்குப் பதிலாக 2017 ஜூனில் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. கடவை மீதான தடை அதிலும் தொடர்கிறது.

அபராதத்தைப் பொறுத்தவரை, 2019 திருத்தத்துக்கு முன் 177-ஆவது பிரிவின்படி முதல் முறை 100 ரூபாய், மறுமுறை 300 ரூபாய். திருத்தம் அதை 500, 1500 என்று உயர்த்தியது. தமிழ்நாடு புதிய கட்டணத்தை 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. போக்குவரத்து ஓட்டத்தை மறித்து வண்டியைப் போட்டு வைத்தால் 201-ஆவது பிரிவு 500 ரூபாய் வரை விதிக்க இடம் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவு பொதுவழியை மறிப்பதற்கு 5000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது; பழைய தண்டனைச் சட்டத்தில் அது 200 ரூபாயாக இருந்தது. வண்டியை இழுத்துச் செல்லவும் சக்கரத்தைப் பூட்டவும் சீருடைக் காவலருக்கு அதிகாரம் தருவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு. பத்து மணி நேரம் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிக்கு மட்டுமல்ல, தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டிக்கும் அது பொருந்தும். இழுத்துச் சென்ற செலவு உரிமையாளர் தலையில்.

பேட்டையும் மகமையும்

வண்டி நிறுத்த இடம் தேடுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பழைய ராமநாதபுரம் சீமையில் விருதுப்பட்டி (1923 முதல் விருதுநகர்), சிவகாசி, சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் நாடார் வணிகர்கள் ‘பேட்டை’களைக் கட்டினார்கள். சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய வளாகம். உள்ளே மாட்டுவண்டிகள் அவிழ்த்துக் கிடக்கும், மூட்டைகள் பத்திரமாக இருக்கும், வண்டிக்காரர் இளைப்பாறுவார். வழிப்பறிக்குப் பயந்த காலத்தில் பாதுகாப்புக்காக எழுந்தவை அவை. அதற்கான பணம் ‘மகமை’யிலிருந்து வந்தது: மூட்டைக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தங்களுக்குள்ளேயே வசூலித்துக்கொண்ட பொதுநிதி. 

நவீன நகரத் திட்டத்தில் ‘சாலைக்கு வெளியே வாகன நிறுத்தமும் சரக்கு முற்றமும்’ என்று சொல்வதைத்தான் பேட்டை செய்தது. வண்டி தெருவில் நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் ஆக்கியது. லாரி வந்த பிறகு சரக்கு கடை வாசலுக்கே வந்துவிட்டது. பேட்டைகளின் பயனும் குறைந்தது. நிறுத்தத் தடையைப் பற்றிய இன்றைய பேச்சு அநேகமாக அபராதத்தோடு முடிந்துவிடுகிறது. சரக்கு எங்கே இறங்க வேண்டும் என்ற கேள்வியைப் பேட்டை கட்டியவர்கள் முதலில் கேட்டார்கள். இப்போது அதைக் கடைசியில்கூடக் கேட்பதில்லை.

சிவகாசி

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அவர்கள் ஊன்றிய தொழிலிலிருந்து பட்டாசும், லேபிள் அச்சடிக்கும் தேவையிலிருந்து அச்சகங்களும் கிளைத்தன. இந்தியப் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் உற்பத்தியாகிறது. ஆலைகள் ஊருக்கு வெளியே வெட்டவெளியில், கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி விட்டு நிற்கின்றன. நெரிசல் வருவது ஆலைகளால் அல்ல. அட்டைப்பெட்டி, காகித ரீல், லேபிள், பார்சல், கடை, ஆள் ஆகியவற்றின் நடமாட்டத்தால்.

அந்த நடமாட்டத்துக்குப் பருவம் உண்டு. தினசரி காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை காலண்டர் பார்சல்கள். ஆவணி, புரட்டாசியிலிருந்து தீபாவளிக்கு முதல் நாள் வரை பட்டாசு வாங்க வெளியூர்க் கார்கள். சாத்தூர் ரோட்டிலும் விருதுநகர் ரோட்டிலும் கடை வாசல்களில் டிக்கியைத் திறந்து வைத்த கார்கள் வரிசையாக நிற்கும். டிஎன் 67-ம் டிஎன் 95-ம் பார்த்துப் பழகிய காவலரின் கண்ணுக்கு அப்போது கேரளப் பதிவெண்ணும் கர்நாடகப் பதிவெண்ணும் படும். உள்ளூர்க்காரரை இரண்டாம் முறை பிடித்தால் 1500 ரூபாய் என்ற அச்சம் கொஞ்சமாவது இருக்கும். வருஷத்துக்கு ஒருநாள் வருபவர் எப்போதுமே முதல் முறைக்காரர். பத்தாயிரம் ரூபாய்க்குக் கிஃப்ட் பாக்ஸ் வாங்கியவருக்கு 500 ரூபாய் அபராதம் பெரிதாக உறைக்காது.

காட்சி இப்படிப் போகும். கடவையின் மேல் ‘குட்டியானை’ எனப்படும் சின்னச் சரக்கு வண்டி ஒன்று நிற்கிறது; லோடுமேன் இருவர் பெட்டி இறக்குகிறார்கள். காவலர் விசில் ஊதி, “எடுப்பா, எடுப்பா, வண்டிய முன்னால எடு” என்கிறார். ஓட்டுநர், “ரெண்டே நிமிசம் சார், நாலு பெட்டிதான் இருக்கு.” கடைக்குள்ளிருந்து அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “சார், நம்ம கட சரக்குதான்” என்கிறார். வண்டி பத்து மீட்டர் முன்னால் நகர்ந்து அடுத்த கடை வாசலில் நிற்கிறது. காவலர் அந்தப் பக்கம் திரும்பியதும் காலியான இடத்தில் ஒரு கார் வந்து சேர்கிறது. யாரும் சட்டத்தை எதிர்க்கவில்லை. எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள். கடக்க வந்த பெண் மட்டும் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கடவையை விட்டுவிட்டு இருபது அடி தள்ளிக் கடக்கிறாள். பார்வை மறையாத இடம் அதுதான் என்பதால் அவள் செய்வது சரி.

அந்தப் பெண்ணைப் போன்றவர்கள்தான் இங்கே கடவையின் முதன்மைப் பயனாளிகள். கிராமங்களிலிருந்து ஆலை வேன்களில் காலை ஏறிப் போய், பொழுது சாய இறங்குகிறவர்கள். காவல் அமலாக்கமோ பள்ளி நேரத்தையும் பகல் நெரிசலையும் மையமாகக் கொண்டது. வேனே கடவையின் மேல் நின்று ஆளை இறக்கும். இறங்கியவர்கள் வேனின் முன்பக்கமாகவே கடப்பார்கள். மேலே சொன்ன பள்ளிப் பிள்ளையின் நிலைமை அந்தி வெளிச்சத்தில் அப்படியே திரும்ப நடக்கிறது.

பட்டாசு ஏற்றிய வண்டிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. வெடிபொருள் விதிகள் 2008-இன்படி வெடிபொருள் ஏற்றிய வண்டியை ஆளில்லாமல் விட்டுச் செல்லக் கூடாது. கடவை விதிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் நின்ற இடம் ஒன்றானால் இரண்டு சட்டங்களும் சேர்ந்தே மீறப்படலாம்.

விருதுநகர்

இங்கே சிக்கல் பருவத்தைப் பொறுத்ததல்ல, நேரத்தைப் பொறுத்தது. பகலில் மெயின் பஜாரையும் தெப்பத்தையும் சுற்றி மூட்டை வண்டிகள்; மாலை விளக்கு வைத்ததும் எண்ணெய்ப் பரோட்டாக் கடைகளின் முன் இரு சக்கர வாகனங்கள். பைக் ஆள் உயரத்துக்கு மறைக்காது. ஆனால் பத்துப் பைக்குகள் நெருங்கி நின்றால் நடைபாதையிலிருந்து கடவைக்கு இறங்க வழியே இருக்காது. சக்கர நாற்காலியோ கைத்தடியோ வைத்திருப்பவர் திரும்பித்தான் போக வேண்டும். இழுவை வண்டி கொண்டுவந்து பைக்கை ஒவ்வொன்றாகத் தூக்குவதைவிட, கடவைக்கு இறங்கும் அந்தச் சில மீட்டரில் இரும்புக் குழாய்த் தூண்களை நட்டுவிடுவது மலிவு. பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலின்போது பேரிகார்டு வைத்துத் தெருவை அடைத்தால் யாரும் முணுமுணுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இடத்தை ஒரு பொருள் அடைத்து நின்றால் ஊர் அதை ஏற்றுக்கொள்கிறது. காவலர் வாயால் சொன்னால் பேரம் பேசுகிறது.

யார் பொறுப்பு

கடவை ஒன்றுதான், அதற்கு உடையவர்கள் பலர். பிரதானச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. உள்தெருவும் அதன் நடைபாதையும் மாநகராட்சி அல்லது நகராட்சியுடையது. அபராதம் போடுவது காவல்துறை. வண்டியின் பதிவேடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில். நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரம் 117-ஆவது பிரிவின்படி மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும். இத்தனை பேரும் ஒரே மேசையில் உட்காருவது ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில். தள்ளுவண்டிகளைப் பற்றிய பேச்சானால் 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டமும் அந்த மேசைக்கு வரும்; அவர்களைக் கடவையிலிருந்து நகர்த்தினால் மாற்று இடம் காட்ட வேண்டும். சரக்கு வண்டிக்கு அப்படிக் காட்டச் சொல்லும் சட்டம் இல்லை.

இ-சலான் கருவி வந்த பிறகு காவலர் ஓட்டுநரைத் தேட வேண்டியதில்லை. பதிவெண் தெரிய ஒரு படம் போதும், மீதி உரிமையாளரின் கைபேசிக்குப் போய்விடும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167ஏ விதி, கேமரா மூலம் பதிவு செய்யத்தக்க குற்றங்களில் தவறான இடத்தில் நிறுத்துவதையும் சேர்த்திருக்கிறது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும் என்கிறது. சலான் வருவதற்குள் வண்டி எத்தனையோ நடை அடித்திருக்கும். கடவையை அந்த நிமிடமே காலி செய்ய விரும்பினால் கேமரா உதவாது. சக்கரப் பூட்டு இன்னும் மோசம்: நகர வேண்டிய வண்டியை அது நகர விடாமல் அதே இடத்தில் பிடித்து வைக்கிறது. கடவையோரத்தில் பயன்படுத்தவே கூடாத கருவி அது.

உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்பு வழக்கை 2012-இல் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2025 மே 14 அன்று, நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, நடந்து செல்வோர் தொடர்பாக 138(1ஏ) பிரிவின்படி மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதிகள் இயற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2019 முதல் சட்டப் புத்தகத்தில் இருந்த பிரிவு அது.

கோடு

தடை செல்லுபடியாக வேண்டுமானால் கடவை கண்ணுக்குத் தெரிய வேண்டும். பட்டைகளை இப்போது தெர்மோபிளாஸ்டிக்கில் உருக்கி ஊற்றி, இரவில் ஒளிர மேலே கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். கடவையின் மேல் நின்று கிளம்பும் வண்டியின் டயர்தான் அதை வேகமாகத் தேய்க்கிறது. விதியை மீறுபவர் விதியின் அடையாளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறார். குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ தோண்டினால் பாதிக் கோடு மண்ணோடு போகும். புதுத் தார் போட்டால் முழுதும் போகும். சாலை போடுவது ஒரு வேலை, கோடு போடுவது இன்னொரு வேலை, நடுவே உள்ள நாட்களில் அந்த இடத்தில் சலான் எழுதப் போன காவலரிடம் ஓட்டுநர் கறுப்புத் தாரைக் காட்டி, “இங்க எங்க சார் கிராசிங்?” என்று கேட்பார்.